கீழே தமிழில் ஒரு வரி

இந்த பஸ்ஸில் ஏறியிருக்கக் கூடாது. பின்னாலேயே பாயிண்ட் டு பாயிண்ட் நின்றது, அதில் ஏறியிருந்தால் ஒரு மணி நேரத்தில் பாளையங்கோட்டை. இது தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் நிற்கும், வாகைக்குளத்தில் நிற்கும், வல்லநாட்டில் டிரைவர் டீ குடிக்க நிற்கும், ரோட்டோரம் எவனாவது கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால்கூட நிற்கும். தெரிந்துதான் ஏறினேன். ஒன்பது நாள் தள்ளிப்போட்டவளுக்கு இன்னும் அரை மணி நேரம் தள்ளிப்போட ஒரு பஸ் கிடைத்தால் விடுவாளா. ஜன்னலோரம் கிடைத்தது, வெயில் அடிக்கிற பக்கம், அதனால்தான் கிடைத்தது. மடியில் பை. பைக்குள் தண்ணீர் பாட்டில், அம்மா கொடுத்தனுப்பிய மக்ரூன் பொட்டலம், ஒரு பென் டிரைவ். “ஏட்டி, ஞாயித்துக்கிழமைகூட அந்தக் கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்ட?” என்றாள் அம்மா. பாளையங்கோட்டைக்கு, நயினார் சார் வீட்டுக்கு என்றேன். “அந்தக் கண்ணு தெரியாத சாரா? நல்ல மனுஷன். போன் பண்ணுனா என் முட்டுவலிய விசாரிக்காம வைக்க மாட்டாரு. மக்ரூன் வாங்கி வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ.” எடுத்துக்கொண்டேன். மக்ரூன் சாருக்கு, பென் டிரைவ் என் மனசாட்சிக்கு. அதில் இருப்பது அழிந்துபோன கோப்புகளைத் தேடி எடுக்கிற புரோகிராம். அது ஒன்றையும் எடுக்காது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வெறுங்கையோடு போக முடியவில்லை. சொல்ல வேண்டியது ஐந்தே வார்த்தை. சார், உங்க சொற்பட்டியலை அழித்தது நான். அவ்வளவுதான். டிக்கெட் வாங்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன், உதடு அசைந்திருக்கும் போல, கண்டக்டர் “என்னம்மா, பாளையங்கோட்டையா, கே.டி.சி. நகரா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

காலையில் போன் செய்து வருகிறேன் என்று சொன்னபோது சார் என்ன சொன்னார். “வா வா. நானே ஒன்ன நேர்ல வரச் சொல்லணும்னுதான் இருந்தேன். ஒன்னு காட்டணும்.” ஒன்னு காட்டணும். என்ன காட்டுவார். குரலில் கோபம் இருந்ததா? இல்லை. சார் கோபப்பட்டு நான் கேட்டதே இல்லை, அதனால் கோபம் வந்தால் அவர் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. சிரித்த மாதிரிதான் இருந்தது. தெரிந்துகொண்டவர்களும் சிரிப்பார்கள். சாருக்குப் பெங்களூரில் மகள் இருக்கிறாள், அவளுக்கு இங்கிலீஷ் தெரியும், அவள் யாரிடமாவது கேட்டு, யாராவது தேடிப் பார்த்து, நான் எழுதிய அந்த இங்கிலீஷ் வரியைப் படித்துச் சொல்லியிருந்தால்? ஒன்னு காட்டணும். பஸ் ஊரைத் தாண்டிவிட்டது. உப்பளத்தின் வெள்ளை கண்ணைக் கூசுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். எப்படித்தான் ஏறியவுடன் தூங்குகிறார்களோ. நான் தூங்கி எத்தனை நாள் ஆகிறது.

ஆறுமுகநயினார் சார் வரலாற்று வாத்தியார். முப்பத்தொரு வயதில் பார்வை போனது, அதற்குப் பிறகும் இருபத்தேழு வருடம் பாபரையும் ஹுமாயூனையும் நடத்திவிட்டுத்தான் ரிட்டையர் ஆனார். கம்ப்யூட்டரில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டுகிற தமிழ்க் குரல் ஒன்று இருக்கிறது, ஆண் குரல், எப்போதும் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும், அதுதான் அவருக்குப் பேப்பர், அதுதான் புத்தகம், கடிதம் எல்லாம். அந்தக் குரலை, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு லினக்ஸில் எல்லாரும் நிறுவிக்கொள்கிற மாதிரி மூட்டை கட்டித் தருகிறவள் நான். பேக்கேஜ் என்பார்கள். தமிழில் பொதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பொதி சுமப்பது யார் என்று யோசித்துத்தான் வைத்தார்களோ என்னவோ, பதினோரு வருடமாகச் சுமக்கிறேன். அந்த லினக்ஸை உலகம் முழுக்க ஆயிரம் பேர் சம்பளம் இல்லாமல் சேர்ந்து நடத்துகிறார்கள், நான் அதில் ஒரு மூலை. தமிழ்க் குரல் என்கிற மூலை. யாரும் எட்டிப் பார்க்காத மூலை என்றுதான் நினைத்திருந்தேன், சார் எட்டிப் பார்க்கும் வரை. பேக்கேஜின் அடியில் என் மின்னஞ்சல் இருக்கும், அதைப் பிடித்து எழுதினார், மதிப்பிற்குரிய ஐயா என்று. நான் ஐயா இல்லை சார், பெனிட்டா, தூத்துக்குடி என்று பதில் போட்டேன். அடுத்த நிமிஷம் போன். “ஏம்மா, தூத்துக்குடியா! நான் என்னவோ அமெரிக்கால இருக்காங்கன்னுல்லா நெனச்சேன். ஒரு சின்னக் கொற. என் வீட்டுக்காரி பேரு கோமதி. இது கோவில்ல வர்ற கோ போட்டுக் கூப்பிடுது. கேக்கச் சகிக்கல.” சிரித்தேன். உண்மைதான், அந்தக் குரலுக்குக் கோவிலில் வருகிற கோவும் கோமதியில் வருகிற கோவும் ஒன்று, பெண்ணில் வருகிற பெவும் பெஞ்சில் வருகிற பெவும் ஒன்று. எழுத்து ஒன்றாக இருந்தால் அது என்ன செய்யும் பாவம். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு கோப்பில் சொல்லையும் பக்கத்தில் அதை உச்சரிக்கிற விதத்தையும் எழுதி வைத்தால் அதைப் பார்த்துச் சரியாகச் சொல்லும். சார் முதலில் எழுதியது கோமதி. அப்புறம் பாபர், அப்புறம் பகதூர் ஷா, அப்புறம் பிள்ளைகளின் பெயர், தெருக்களின் பெயர், பிரஷர் மாத்திரையின் பெயர். மத்தியானம் சாப்பிட்ட பிறகு தினமும் ஒரு மணி நேரம். “அவ பேப்பர் வாசிச்சா பேப்பர்ல உள்ளதத் தவிர மத்த எல்லாம் சொல்லுவாம்மா. அதான் இத ஆளாக்கிக்கிட்டு இருக்கேன்” என்பார். பின்னாலிருந்து அந்தம்மா ஏதோ சொல்வது கேட்கும். நாலாயிரத்துச் சொச்சம் சொல், பதினோரு வருடம்.

அந்தக் கோப்பை எங்கே வைக்கட்டும் என்று அன்றைக்கே கேட்டார். கேட்டாரே. பேக்கேஜோட ஃபோல்டர்லயே வைங்க சார், ஒன்னும் ஆகாது என்றேன். அதுதான் முதல் தப்பு, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. பேக்கேஜுக்குச் சொந்தமான இடம் வேறு, ஆளுக்குச் சொந்தமான இடம் வேறு, வாடகை வீட்டுச் சுவருக்குள் நகையைப் புதைத்து வைக்கிற மாதிரி அது. எனக்கு அன்றைக்கு அது தெரியாது. பிறகு தெரிந்தது, ஆனால் சாருக்குச் சொன்னதை மறந்துவிட்டேன். இந்த வருடம் என்ன கிறுக்குப் பிடித்ததோ, பேக்கேஜைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பேக்கேஜைச் சோதித்துக் குறை சொல்ல ஒரு கருவி இருக்கிறது, மாமியார் மாதிரி, இது பழசு அது வேண்டாதது என்று பட்டியல் போடும். என் பேக்கேஜில் இருபத்துமூன்று குறை. ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். இருபத்திரண்டு, பதினேழு, ஒன்பது. ஆபீஸில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னருக்குப் பேப்பர் அடிக்கும்போதுகூட மண்டைக்குள் அதுதான். ஒரு குறையும் இல்லாத பேக்கேஜ் என்று எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். யாருக்காக அந்தப் பச்சை? யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் வேண்டியிருந்தது. கடைசிக் குறை, சாரை வைக்கச் சொன்ன அதே பழைய ஃபோல்டர். புதிய வடிவத்தில் அது தேவையில்லை, ஆனாலும் கிடக்கிறது. யார் அப்டேட் போட்டாலும் அவர்கள் மெஷினில் அந்த ஃபோல்டரையே அடியோடு நீக்கு என்று ஒரு வரி எழுதினேன். உள்ளே யாராவது ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி இன்னொரு வரி எழுதியிருக்கலாம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பச்சை எரிந்தது. அன்றைக்கு சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், எதுக்குட்டி என்று கேட்டாள், சும்மாதான் என்றேன்.

புதுக்கோட்டை. ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். ஒருவர் இரண்டு கோழியைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு ஏறுகிறார், கண்டக்டரோடு தகராறு. கோழிக்கும் டிக்கெட்டா என்கிறார். பஸ்ஸே சிரிக்கிறது, நானும் சிரித்துவிட்டேன். போன வாரத்துக்கு முந்தைய வெள்ளி, மத்தியானம் இரண்டேகால், சார் போன். “ஏம்மா பெனிட்டா, நேத்து அப்டேட் போட்டேன். அதுக்கப்புறம் கோமதி பழையபடி கோவிலுக்குப் போயிட்டா. பட்டியலக் காணல. நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போலிருக்கு, வயசாயிட்டுல்லா.” அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன், போய் அந்த வரியைப் பார்த்தேன், இருந்தது. திரும்பப் போன் செய்து என்ன சொல்லியிருக்க வேண்டும்? சார், மெஷினை அணைச்சிருங்க, தொடாதீங்க, நான் அடுத்த பஸ்ஸில் வர்றேன். அழித்தது என்று சொன்னாலும் டிஸ்க்கில் உடனே அழிந்துவிடாது. அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மேலே வேறு எதையாவது எழுதும்வரை பழையது அடியில் அப்படியே கிடக்கும். அன்றைக்கே போயிருந்தால் முக்கால்வாசி எடுத்திருக்கலாம். ஆனால் அணைச்சு வைங்க என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். எப்படி உனக்கு அவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுது என்று கேட்பார். பாக்குறேன் சார் என்றேன். பாக்குறேன் சார். பேக்கப் இருக்கா சார் என்று வேறு கேட்டேன், வெட்கமில்லாமல். “ஒரு கோப்புக்கு எதுக்கும்மா ரெண்டு எடம், நீதான் ஒன்னும் ஆகாதுன்னியே” என்றார். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். சனி போகலாம் என்று நினைத்தேன், ஞாயிறு போகலாம் என்று நினைத்தேன். திங்கள் ஆபீஸில் கப்பல். அதற்குள் அந்த மெஷின் எத்தனை பேப்பர் இறக்கியதோ, எத்தனை தடவை எழுதி அழித்ததோ. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன என்று சும்மா இருந்துவிட்டேன். வரியை எழுதியது கவனக்குறைவு, அதை யாரும் மன்னிப்பார்கள். சும்மா இருந்ததற்கு என்ன பெயர்? அதற்கு என்னிடம் நல்ல பெயர் எதுவும் இல்லை.

திருத்தம் செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. புதன்கிழமை அனுப்பினேன். எனக்கு நேரடியாக ஏற்றுகிற உரிமை கிடையாது, நான் செய்து அனுப்பினால் ஃபின்லாந்தில் இருக்கிற யுஹானி வரிவரியாகப் பார்த்து, சரியென்றால் தன் பேரில் கையெழுத்திட்டு ஏற்றுவார். ஒவ்வொரு தடவையும் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று மாற்றக் குறிப்பு எழுத வேண்டும், அடியில் பேரும் தேதியும். அது காலத்துக்கும் நிற்கும், யாரும் அழிக்க முடியாது, நானே நினைத்தாலும் முடியாது. இங்கிலீஷில் எழுதினேன், மேம்படுத்தும்போது பயனர்களின் கோப்புகளை அழித்த கடுமையான பிழை சரிசெய்யப்பட்டது, பிழையை உண்டாக்கியது என் சென்ற மாற்றம். மறைக்கவே இல்லை. உலகத்துக்கெல்லாம் உண்மையைச் சொன்னேன், ஜப்பான்காரன் படிக்கலாம், பிரேசில்காரன் படிக்கலாம். ஆனால் என் பேக்கேஜுக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. இங்கிலீஷ் குறிப்புக்குக் கீழே தமிழில் ஒரு வரி. வேறு எந்தப் பேக்கேஜிலும் கிடையாது. சார் கேட்டார் என்பதற்காக ஆரம்பித்தது. “அப்டேட் வந்தா குறிப்ப வாசிக்கச் சொல்லிக் கேப்பேம்மா. இங்கிலீஷ இந்தக் குரலு கடிச்சுத் துப்புது, ஒன்னும் வெளங்கல. தமிழ்ல ஒரு வரி போடேன், நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்கன்னு எனக்கும் தெரியும்லா.” உலகத்திலேயே அந்த வரியைக் கேட்கிற ஒரே ஆள் அவர். அந்த வரியில் என்ன எழுதினேன்? சில சிறு திருத்தங்கள். பயன்படுத்துவோர் தவறுதலாக அழித்துவிட்டாலும் சொற்பட்டியல் இனி போகாது. தவறுதலாக அழித்துவிட்டாலும். யார்? பயன்படுத்துவோர். போனில் அவரே எடுத்துக்கொடுத்தாரே, நான்தான் எதையோ அமுக்கிட்டேன் என்று, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது பரவாயில்லை, நான் அதை அடுத்தவர் இலையில் தள்ளிவிட்டேன். யுஹானி கேட்டார், கீழே இருக்கிற தமிழ் வரி என்ன சொல்கிறது என்று. அவர் எப்போதும் கேட்பார், படிக்க முடியாததில் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பிடிக்காது. அதேதான் என்று பதில் போட்டேன். நன்றி என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அதேதான். கன்டெய்னர் பேப்பரில் இப்படி ஒரு வார்த்தை எழுதினால் என்னை உள்ளே தூக்கி வைப்பார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும், பன்னிரண்டு வருடமாக அதுதான் என் வேலை, புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். வாகைக்குளம் போய்விட்டது போலிருக்கிறது, கவனிக்கவில்லை. கோழி ஒன்று சாக்குக்குள்ளிருந்து முனகுகிறது. இன்றைக்குக் காலையில் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன், ஆறு மாதத்துக்குப் பிறகு. எனக்கு முன்னால் ஏழு பேர். யாருக்கும் புரியாத பாவத்தை எப்படிச் சொல்வது என்று வரிசை முழுக்க யோசித்தேன். பொய் சொன்னேன் ஃபாதர் என்றேன். எத்தனை தடவை என்றார். ரெண்டு வரி ஃபாதர், எழுதினேன். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். “அதனால யாருக்காவது கெடுதல் உண்டா?” உண்டு ஃபாதர், பதினோரு வருஷம். அவருக்கு என்ன புரிந்ததோ. “அப்ப எங்கிட்ட சொன்னா மட்டும் போதாதும்மா. அவங்ககிட்ட போய்ச் சொல்லு. அதுதான் ஒனக்கு அபராதம்.” மூன்று ‘அருள் நிறை மரியே’ ஜெபத்தோடு முடித்துவிடுவார் என்று நம்பி நின்றவள் நான். அதனால்தான் இந்த பஸ். சாமியார் சொல்லாவிட்டால் வந்திருப்பேனா என்றால், வந்திருக்க மாட்டேன். இதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வல்லநாடு. சொன்ன மாதிரியே டிரைவர் இறங்கிவிட்டார். எதிர்ப்பக்கம் தூத்துக்குடி பஸ் ஒன்று நிற்கிறது, காலியாக, ஜன்னலோரம் நிழல் பக்கமாகவே இடம் இருக்கிறது. இறங்கி ரோட்டைத் தாண்டினால் போதும். தலைவலி சார், அடுத்த வாரம் வர்றேன். நம்புவார், உடனே கஷாயம் சொல்லுவார். காலைக்கூட எடுத்து வைத்தேன், பக்கத்து அம்மாள் விழித்துக்கொண்டு “எறங்கணுமா தாயி?” என்று காலை ஒடுக்கினாள். இல்ல அத்தை, ஒக்காருங்க என்றேன். ஏன் இவ்வளவு பயம்? சார் திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை. சார் அப்புறம் போன் பண்ண மாட்டார், அதுதான் பயம். என் மூலையை எட்டிப் பார்க்கிற ஒரே ஆள் போய்விடுவார். ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் பதினோரு வருடத்தில் எனக்கு நன்றி என்று தமிழில் சொன்னது அவர் ஒருத்தர். அவருக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன், அந்த நன்றிக்காகத்தான் செய்திருக்கிறேன். வாத்தியார் சட்டென்று பிடித்துவிடுவார், வரலாறு நடத்தியவர், எந்த ராஜா எதை மறைத்துக் கல்வெட்டு வெட்டினான் என்று பிள்ளைகளுக்குக் கதை கதையாகச் சொன்னவர். ஒன்னு காட்டணும். பிடித்துவிட்டார், அதுதான். பிடித்திருக்கட்டும். அப்படியானால் நான் சொல்ல வேண்டியதில்லை, தலையைக் குனிந்து நின்றால் போதும். இதில் எனக்கு ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நிம்மதியை என்ன சொல்வது. பஸ் கிளம்பி ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீர் கொஞ்சமாக, பாறைக்குப் பாறை துணி காய்கிறது. எதிரே நின்ற பஸ்ஸும் அந்தப் பக்கமாகக் கிளம்பிப் போயிருக்கும்.

கே.டி.சி. நகரில் இறங்கி ஆட்டோவுக்குப் பதில் நடந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. சார் வீடு மூன்றாவது தெருவில், பச்சைக் கேட், இதற்கு முன் இரண்டு தடவைதான் வந்திருக்கிறேன். சொற்களை வரிசையாக வைத்துக்கொண்டேன், சார், உங்க, சொற்பட்டியலை. கோமதியம்மாதான் கதவைத் திறந்தார். “வாம்மா. காலைலருந்து ஒன்னயத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காக. எனக்கு ஒரே கோவம், உள்ள போய் நீயே கேளு.” கோபமா? யார் மேல்? செருப்பைக் கழற்றும்போது ஒன்று கவிழ்ந்துவிட்டது, அதை நிமிர்த்திவைக்கவே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். உள்ளே ஃபேன் சத்தம், கீபோர்டு தட்டுகிற சத்தம், நிறுத்தாமல், நிதானமாக, தட்டுகிற சத்தம்.

“பெனிட்டாவா? ஒக்காரு. வெயில்ல நடந்தா வந்த? மூச்சு வாங்குது ஒனக்கு.” சார் மேஜைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கை கீபோர்டிலேயே இருந்தது. மக்ரூன் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன். சார், நான் ஒன்னு சொல்லணும் என்றேன். “இரு, மொதல்ல நான் காட்டுறதக் கேளு. பட்டியல ஒன்னுல இருந்து திரும்ப ஆரம்பிச்சுட்டேன், தெரியுமா? ஒக்காந்து அழுதா வருமா? வியாழக்கிழமைல இருந்து காலைல ரெண்டு மணி நேரம், மத்தியானம் ரெண்டு மணி நேரம். முந்நூறு சொல்லு ஆச்சு.” முந்நூறு சொல். ஒவ்வொரு சொல்லையும் எழுதி, சேமித்து, எழுதி, சேமித்து, பழைய பட்டியல் கிடந்த இடத்தின்மேலேயே. பைக்குள் பென் டிரைவை விரலால் தொட்டுப் பார்த்தேன். “அதுக்குத்தான் அவளுக்குக் கோவம். போன தடவ மொதச் சொல்லு அவ பேரு. இந்தத் தடவ அவ பேருக்கும் மேல, மொதச் சொல்லா, நேத்து ஒம் பேரப் போட்டுட்டேன். பெஞ்சுல வர்ற பெ. ஏன்னு கேளு. நேத்து ஒன் அப்டேட் வந்துச்சு. குறிப்பக் கேட்டேன். நான் ஒருத்தன் கை தவறி அமுக்குனதுக்கு, இனிமே என்னைய மாதிரி ஆளுக தப்புப் பண்ணுனாலும் போகாதபடி ஒரு ஏற்பாடே பண்ணிட்டியேம்மா! கேட்டுட்டு எனக்குக் கண்ணு கலங்கிட்டு. இப்பக் கேளு, எவ்வளவு அழகாச் சொல்லுதுன்னு.”

விரல் ஒரு பொத்தானை அமுக்கியது. ஜலதோஷம் பிடித்த அந்தக் குரல் வாசித்தது. சில சிறு திருத்தங்கள். பயன்படுத்துவோர் தவறுதலாக அழித்துவிட்டாலும் சொற்பட்டியல் இனி போகாது. பெனிட்டா மச்சாது, தூத்துக்குடி. பதினோரு வருடத்தில் என் பேரை அது சரியாகச் சொல்லி நான் முதல் தடவையாகக் கேட்டேன். கதவோரம் நின்ற கோமதியம்மா “நல்லாத்தான் சொல்லுது, போ” என்று சிரித்தார்.

“சார், கைய எடுங்க” என்றேன். “தட்டாதீங்க சார். நீங்க எதையும் அமுக்கல. நீங்க ஒன்னுமே பண்ணல. உங்க பட்டியல அழிச்சது நான். அன்னைக்கே எனக்குத் தெரியும். அன்னைக்கே சொல்லியிருந்தா எடுத்திருக்கலாம் சார், நான் சொல்லல.”

சார் கையை எடுத்தார். மடியில் வைத்துக்கொண்டார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கோமதியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சார் மெல்ல, ஒரு விரலை மட்டும் நீட்டி அதே பொத்தானைத் தேடி அமுக்கினார். அந்த வரியை முதலிலிருந்து திரும்ப வாசிக்கவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். கடைசியில் அது என் பேரைச் சொன்னது, சரியாக.